பூச்சாடியில் ஒரு கஞ்சாக் கன்று: சட்டம் எதைப் பார்க்கிறது?

"வீட்டில் பூச்சாடியில் கஞ்சாச் செடி வளர்த்த இளைஞர் கைது." இப்படியொரு செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஊர் மாறும், செடிகளின் எண்ணிக்கை மாறும், பிடித்தவர்கள் பொலிஸாரா விசேட அதிரடிப்படையினரா என்பது மாறும். மற்றவை எல்லாம் ஒரே மாதிரித்தான். படத்தில் இரண்டு பிளாஸ்ரிக் சாடிகள், பின்னால் முகம் மறைக்கப்பட்ட ஒரு பிள்ளை.

2025 ஓகஸ்டில் இதே செடியைப் பற்றி வேறொரு செய்தியும் வந்தது. ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது, மீரிகமவில் முதலீட்டுச் சபையின் கீழ் 64 ஏக்கர் ஒதுக்கப்படுகிறது என்று ஆயுர்வேதத் திணைக்களத் தரப்பு அறிவித்தது. ஒவ்வொரு முதலீட்டாளரும் குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். மேலும் 20 இலட்சம் டொலரைப் பிணையாக மத்திய வங்கியில் வைக்க வேண்டும். சுற்றிவர வேலி, பாதுகாப்பு, உள்நாட்டுச் சந்தைக்கு ஓர் இலைகூட வரக்கூடாது என்பவை நிபந்தனைகள்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கஞ்சா நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதற்காக அல்ல. வீட்டில் வளருங்கள் என்று எவருக்கும் சொல்வதற்காகவும் அல்ல; இன்றைய சட்டத்தில் அது குற்றம். ஒரே செடி ஓரிடத்தில் குற்றமாகவும் இன்னோரிடத்தில் முதலீடாகவும் இருக்கும்போது, சட்டம் உண்மையில் எதைப் பார்க்கிறது என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கன்றில் என்ன இருக்கிறது?

முதலில் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முளைத்து ஓரிரு வாரமேயான கஞ்சாக் கன்று மிகவும் மெல்லியது. விதையிலை இரண்டு, அதற்கு மேல் விளிம்பு வெட்டுப்பட்ட சிறு இலைகள். சாடியில் தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிச் சாய்ந்துவிடும். வெயில் குறைந்தால் நூல்போல நீண்டு வளைந்துவிடும். கத்தரிக்கோ மிளகாய்க்கோ நாற்றுமேடை போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

இந்தப் பருவத்தில் அதில் போதை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. போதை தரும் ரிஎச்சி என்ற பொருள் பெண் செடியின் பூவில் ஊறும் பிசினில்தான் அதிகம். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் பருவம் நெருங்கும்வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாருக்கும் விதைக்குமாக வளர்க்கப்படும் வகையும் இதே இனம்தான். ரிஎச்சி அளவு 0.3 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் அதைச் சாதாரண விவசாயப் பயிராகவே கணக்கில் எடுக்கின்றன. இரண்டு வகைக் கன்றுகளையும் அருகருகே வைத்தால் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

ஆனால் எங்கள் நாட்டின் அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டில் பிரித்தானியர் காலத்தில் வந்தது. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். பிறகு பல தடவை திருத்தப்பட்டபோதும், அனுமதியின்றிச் செடியை நடுவதும் வளர்ப்பதும் குற்றம் என்ற இடத்திலேயே அது நிற்கிறது. சாடியில் இருப்பது நாளை போதைப்பொருளாகுமா, வாடிப்போகுமா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

எல்லை கடந்தால் சட்டம் மாறுகிறது

போரினால் சிதறிய எங்கள் குடும்பங்கள் இன்று பல சட்டங்களின் கீழ் வாழ்கின்றன. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் வாழும் ஒரு வீட்டில் நான்கு செடிகள்வரை வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் அதைத் தடுத்தது; அந்தத் தடை செல்லுபடியாகும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. ஜேர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயதைக் கடந்த ஒருவர் மூன்று செடிகள் வைத்திருக்கலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பது அங்கு கட்டாயம்.

எங்கள் உறவினர் ஒருவர் ஸ்காபரோவிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு பல்கனிப் படமொன்றை அனுப்பினார். கறிவேப்பிலைச் சாடி, பக்கத்தில் தக்காளி, அதற்குப் பக்கத்தில் இந்தக் கன்று. லண்டனில் இருப்பவர்கள் சிரித்தார்கள். வவுனியாவில் இருக்கும் தம்பி ஒருவன் உடனே படத்தைத் தன் கைபேசியிலிருந்து அழித்துவிட்டான். கைபேசியில் இருக்கும் ஒரு படத்துக்காகச் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டவர்களை அவன் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறான். அவன் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

தாய்லாந்தின் கதை இன்னும் விசித்திரமானது. போதைப்பொருள் குற்றங்களுக்குக் கடும் தண்டனை வழங்கிய அந்த நாடு 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. பத்து இலட்சம் கன்றுகளை வீடுகளுக்கு இலவசமாகத் தருவதாக அரசாங்கமே அறிவித்தது. கஞ்சா வழக்குகளில் சிறையிலிருந்த ஆயிரக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். ஆனால் விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் வரவில்லை. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. இளவயதினர் பாவிப்பது பற்றிய கவலை எழுந்தது. 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே கஞ்சாப் பூவை விற்கலாம் என்று அரசாங்கம் பின்வாங்கியது. கதவை முழுவதாகத் திறந்துவிடுவதும் தீர்வல்ல என்பதற்கு அது ஒரு பாடம்.

உலக அளவிலும் நிலைப்பாடு மாறியிருக்கிறது. 2020 டிசெம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்களித்தது. ஆதரவாக 27, எதிராக 25 வாக்குகள். அந்தளவுக்கு இழுபறியான விடயம் இது.

இலங்கையில் இருக்கும் இரண்டு கதவுகள்

இலங்கையில் கஞ்சாவுக்குச் சட்டபூர்வமான கதவு இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று பழைய கதவு. ஆயுர்வேத, சித்த மருந்துகள் சிலவற்றில் கஞ்சா சேர்கிறது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. மருந்துக்கான கஞ்சா பெரும்பாலும் நீதிமன்றங்களில் வழக்கு முடிந்த சான்றுப் பொருட்களிலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. யாரோ ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய பொதிதான் பிறகு இலேகியமாகிறது. எங்கு விளைந்தது, எவ்வளவு காலம் கிடந்தது என்று தெரியாத சரக்கில் மருந்து செய்ய வேண்டிய நிலை வைத்தியர்களுக்கு.

மற்றையது புதிய கதவு, ஏற்றுமதி. 2023 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலேயே, ஏற்றுமதிக் கஞ்சாச் செய்கையை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்மொழிந்தார். ஆட்சி மாறியும் திட்டம் தொடர்கிறது. டொலர் தேவைப்படும் நாடு ஏற்றுமதிப் பயிர் தேடுவதில் தவறில்லை. ஆனால் 50 இலட்சம் டொலர் என்ற படியில் எந்த வன்னி விவசாயி ஏறுவார்? அங்கு எங்களுக்குக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் கூலி வேலைதான்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் எங்கள் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. அரசுகள் அதில் வரி எடுத்தன, வர்த்தகத்தைத் தம் பிடிக்குள் வைத்தன. ஆனாலும் நாற்றுமேடை முதல் உணர்த்துவதுவரை விவசாயி கையில் ஒரு தொழில் இருந்தது. புகையிலையின் கெடுதலை எவரும் மறுக்க முடியாது. அதைக் கைவிடச் சொன்ன அரசாங்கங்கள் பதிலாக எந்தப் பயிரை, எந்தச் சந்தையோடு தந்தன என்பதுதான் விவசாயிகளின் கேள்வியாக இருந்தது. புதிதாக ஒரு பணப்பயிர் வரும்போது அவர்களுக்குப் பங்கே இல்லை என்றால், கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

வடக்கின் பிரச்சினை சாடியில் இல்லை

வடக்குக் கடற்கரையில் பிடிபடுவது கன்று அல்ல, பொதி. "கேரளக் கஞ்சா" என்று பெயர் சொன்னாலும் அதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா மலைப்பகுதிகளில் விளைந்து தமிழகக் கரை வழியாக வருவதை இந்தியப் பொலிஸாரின் கைப்பற்றல்களே காட்டுகின்றன. வடமராட்சி, மாதகல், மன்னார் என்று கடற்படை அடிக்கடி பொதிகளைக் காட்டுகிறது. தெற்கிலோ மொனராகலை, தணமல்வில காடுகளில் ஆயிரக்கணக்கான செடிகள் வெட்டி எரிக்கப்படுகின்றன.

பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் படையினர் செறிந்திருக்கும் ஒரு கரையில் இவ்வளவு பொதி எப்படி ஏறுகிறது என்று எங்கள் மக்கள் கேட்கிறார்கள். அதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. கிடைப்பது சுற்றிவளைப்பு. 2023 டிசெம்பரில் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமே கவலை வெளியிட்டது. கைதானவர்களில் மிகப்பலர் சிறிதளவு வைத்திருந்தவர்கள், பாவனையாளர்கள், ஏழைகள். படகின் சொந்தக்காரர்களை அந்த வரிசையில் காண்பது அரிது.

இங்கேதான் "புனர்வாழ்வு" என்ற சொல் வருகிறது. 2009 இன் பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் இந்தச் சொல்லின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். பூந்தோட்டத்தையும் கந்தக்காட்டையும் மறந்தவர்கள் எங்களில் குறைவு. பிறகு கந்தக்காடு போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையமாக இயங்கியது. 2022 இல் அங்கு ஓர் இளைஞர் உயிரிழந்தார். படையினர் சிலர் கைதானார்கள். அதே வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானவர்களையும் முன்னாள் போராளிகளையும் "வன்முறைத் தீவிரவாதக் குழுக்களையும்" ஒரே பட்டியலில் வைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அந்தப் பட்டியல் சுருங்கியது. 2023 ஜனவரியில் போதைப்பொருளில் தங்கியிருப்போருக்கான சட்டமாக அது நிறைவேறியது. ஒரு நோயாளியையும் ஒரு முன்னாள் போராளியையும் ஒரே கம்பி வேலிக்குள் வைக்கலாம் என்று நினைத்த மனநிலை அந்த ஒரு திருத்தத்தோடு போய்விட்டது என்று நான் நம்பவில்லை.

கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. பதின்ம வயதில் தொடர்ந்து பாவிப்பவர்களுக்கு மனநோய் ஏற்படும் ஆபத்து கூடுதல் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விடயம். போரில் தகப்பனை இழந்த வீடுகளில், தூக்கம் வராத பிள்ளைகளின் கையில் அது எதைச் செய்யும் என்று நாங்கள் நேரில் பார்க்கிறோம். அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது மனநல வைத்தியர் என்கிறேன்.

என்ன கேட்க வேண்டும்?

எங்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கக்கூடியவை மூன்று. சொந்தப் பாவனைக்கும் வியாபாரத்துக்கும் இடையில் சட்டம் தெளிவாகக் கோடு போட வேண்டும். முதல் தடவை பிடிபடும் பிள்ளையின் முழு வாழ்வும் ஒரு குற்றப் பதிவால் அடைபடக் கூடாது. சிகிச்சை சுகாதார அமைச்சின் கீழ், மாவட்ட வைத்தியசாலைகளில், படைச் சீருடை இல்லாமல் நடக்க வேண்டும். ஏற்றுமதிக்கும் மருந்துக்கும் பயிரிடுவது நாட்டின் கொள்கை என்றால், கண்காணிப்போடு கூடிய உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கும் ஆயுர்வேத, சித்த மருத்துவத் துறைக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

மீரிகமவில் நடப்படும் கன்றுக்கு நிழலும் நீரும் காவலும் கிடைக்கும். அரசாங்கம் அதன் ஒவ்வொரு இலைக்கும் கணக்கு வைக்கும். சாடியோடு பிடிபட்ட பிள்ளைக்கு இப்போது கிடைப்பது ஒரு வழக்கு இலக்கம் மட்டுமே. பிணை கிடைத்து வீட்டுக்கு வந்த பிறகு அவனை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு எந்தத் திணைக்களத்திடமும் பதிவேடு இல்லை.