கோடு எழுதுவதா, கோடு இழுப்பதா?

போன வாரம் ஆபீசில் ஒரு மீட்டிங். பேச வந்தவர் அடித்துச் சொன்னார்: "இனிமே யாரும் உட்கார்ந்து கோடு எழுத வேண்டாம் சார். பெட்டியை இழுத்துப் போடுங்க, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல கோடு இழுங்க, வேலை முடிஞ்சது." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆணி புடுங்குற இடத்தில் வேறென்ன செய்ய? ஆனா வீட்டுக்கு வந்தும் வயிற்றெரிச்சல் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல, இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்லை. 1966-லேயே எம்.ஐ.டி.யில் வில்லியம் சதர்லாண்ட் என்பவர், திரையில் படம் வரைந்து நிரல் அமைப்பதைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கிவிட்டார். லேப்வியூ வந்தது 1986-ல். அறுபது வருஷமா "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் மாப்பிள்ளை. உலகத்தின் பெரும்பாலான மென்பொருள் இன்னமும் எழுத்தில்தான் இருக்கிறது. பொட்டி தட்டுறவங்க எல்லாம் பழமைவாதிகள் என்பதாலா? இல்லைங்க.

என் கதையையே சொல்றேன். பம்ப் டெஸ்ட் பெஞ்ச் ஒன்றுக்கு நானே இப்படிப் படத்தில் ஒரு நிரல் வரைந்தேன். அழுத்தம், தண்ணீர் அளவு, கரண்ட் மூன்றையும் வாங்கி, பம்ப் தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். முதல் நாள் சாயந்திரமே ஓடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை மறுக்க மாட்டேன். அப்புறம் இன்னொரு மாடல் சேர்க்கச் சொன்னார்கள், ரிப்போர்ட் கேட்டார்கள், அலாரம் கேட்டார்கள். எட்டு மாதத்தில் படம் திரையை விட்டு நாலு பக்கமும் வழிந்தது. ஒரு கம்பி எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க, விரலைத் திரையில் வைத்துக்கொண்டே மவுசை உருட்டணும். இடியாப்பம் தோற்றது போங்க! ஒரே ஒரு எல்லை மதிப்பை மாற்ற அரை நாள் ஆச்சு. திட்டவும் ஆளில்லை, வரைந்தது நான்தானே.

எழுத்தில் இருந்திருந்தால்? தேடு, மாற்று, பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கு என்று பார். படத்தில் அழகுக்காக ஒரு பெட்டியை நகர்த்தினாலும் கோப்பு மாறிடும். மாறினது வேலையா, அலங்காரமா என்று யார் பிரித்துச் சொல்றது?

எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறலையோ என்று நினைக்காதீங்க. கிரீன், பெட்ரே என்ற இருவர் 1992-லேயே லேப்வியூ படங்களையும் எழுத்து நிரலையும் படிக்கக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். படத்தைப் படிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. நிரலை எழுதுவது ஒரு தடவை, படிப்பது நூறு தடவை. முதல் நாள் சாயந்திரத்தைக் காட்டி வியாபாரம் பண்றவங்க எட்டாவது மாதத்தைக் காட்டுவதே இல்லை.

"ஸ்க்ராட்ச்சில் குழந்தைங்களே பண்ணுதே" என்பீர்கள். 2007-ல் வந்த அந்த ஸ்க்ராட்ச்சைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கு மேலேயும் வார்த்தை எழுதியிருக்கும். மேலிருந்து கீழே அப்படியே வாசிக்கலாம். எழுத்துப்பிழை வராதபடி கட்டையில் அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல யோசனை, கும்பிடுறேன். ஆனா அது எழுத்துதான் சாமி! வார்த்தையை எடுத்துவிட்டு வெறும் குறியீடாகக் கொடுத்தது 2014-ல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர். அது இன்னும் வாசிக்கப் பழகாத அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு.

இன்னொரு தலைவலி, அந்தப் படத்தைத் திறக்க அதே மென்பொருள் வேணும். லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்எக்ஸ்டி 2006-ல் வந்தபோது அதோடு வந்ததும் லேப்வியூவை வைத்துச் செய்த பட மொழிதான். 2022 கடைசியில் மைண்ட்ஸ்டார்ம்ஸையே மூட்டை கட்டிவிட்டார்கள். அதே பொம்மைக்கு எழுத்தில் நிரல் எழுதி வைத்தவர் இன்றைக்கும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். படம் வரைந்தவர் அந்தப் பழைய மென்பொருளைத் தேடி அலையணும்.

நிற்க. படத்தின் முன்னால் நான் தோற்றுப்போகும் இடமும் ஒன்று இருக்கு. பிஎல்சியில் போடும் லேடர். 1960-களின் கடைசியில் பிஎல்சி வந்தபோது, ரிலே பேனல் வரைபடம் போலவே நிரலையும் அமைத்தார்கள். ஏன்? அதைப் படிக்கப்போவது எலக்ட்ரீஷியன். அவருக்கு அந்தப் படம் ஏற்கனவே தாய்மொழி. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ராத்திரி ரெண்டு மணிக்கு மிஷின் நின்றால், திரையில் கரண்ட் எந்த காண்டாக்ட் வரைக்கும் வந்து நிற்கிறது என்று பார்த்து, "அந்த லிமிட் ஸ்விட்ச்சைப் பாருப்பா" என்பார். எழுத்தால் அவருக்கு அந்த உதவியைச் செய்ய முடியாது. ஆனா அதே லேடரில் ஒரு சராசரி கணக்குப் போட்டுப் பாருங்கள், கண்ணில் ரத்தம் வரும். அதனால்தான் 1993-ல் வந்த ஐஇசி தரநிலையில் லேடர் பக்கத்திலேயே ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்று எழுத்து மொழி ஒன்றையும் வைத்தார்கள்.

மீட்டிங்கில் பேசியவர் அடுத்த வாரம் திரும்ப வர்றார். அவர் படத்தை யார் படிக்கப்போறாங்க என்று இந்தத் தடவை தலையாட்டாமல் கேட்பதாக இருக்கிறேன். என் பம்ப் படத்தையும் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். ஏ3 பேப்பரில் பதினொரு தாள், செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கு.