வளைகாப்பு அன்னைக்கே பேசி வைக்க வேண்டியது

போன வாரம் மகளுக்கு வளைகாப்பு. புளிசாதம், தேங்காய்சாதம், எலுமிச்சைன்னு ஏழு வகை சாதம் கிளறினோம். கொடும்பாளூர் சொந்தம் எல்லாம் வந்து வளையல் போட்டு வாழ்த்திட்டுப் போனாங்க. ஆணா பொண்ணா, என்ன பேரு, யாரு ஜாடை இருக்கும்னு ஒரே பேச்சு. எல்லாம் பிள்ளையப் பத்தித்தான். பெத்து எடுத்தப்புறம் இவ எப்படி எந்திரிச்சு நடமாடுவா, யாரு சோறு போடுவா, ராத்திரி யாரு முழிச்சிருப்பான்னு ஒருத்தரும் கேக்கல.

நானும் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி கேக்கல. அதனாலதான் இத எழுதுறேன்.

மக பொறந்தது தை மாசம். தலைச்சன் பிரசவம்ங்கிறதால மாமியார் வீட்லதான் இருந்தாங்க. மாமியாருக்கு உடம்பு முடியாமப் போக, பதினஞ்சு நாள்லயே கைப்பிள்ளையோட இங்க வந்துட்டாங்க. இங்கயோ அறுப்பு நேரம். ஆள் கிடைக்கல, கதிர் சாயுது. இருபத்திரெண்டாம் நாள் வீட்டுக்காரம்மா அருவாளோட வயலுக்கு வந்து நின்னாங்க. நான் வான்னு கூப்பிடல. வராதன்னும் சொல்லல. மூணாம் நாள் களத்துலயே காய்ச்சல்ல சுருண்டு விழுந்தாங்க. நின்னுருந்த ரத்தப்போக்கு திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரி.

அதே தையில எங்க செவலைப் பசுவும் கன்னு போட்டுச்சு. அதுக்கு நான் பண்ணினதக் கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே உடம்பு தேறட்டும்னு பால் கறக்கிறத நிறுத்திட்டேன். பிண்ணாக்கும் தவிடும் மூட்டையா வாங்கி வச்சேன். கொட்டாயில புது மணல் கொட்டினேன். கன்னு போட்டதும் உடம்புல உள்ள சுண்ணாம்புச்சத்து பால்ல போயி சில மாடு எந்திரிக்க முடியாமப் படுத்துரும். பால் காய்ச்சல்னு சொல்லுவாங்க. அதுக்காக மாட்டு டாக்டர்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒருநாள் சாயந்தரம் திண்ணையில உக்காந்திருந்தப்ப வீட்டுக்காரம்மா சொன்னாங்க, “அந்த மாட்டுக்குப் பண்ணினதுல பாதி எனக்குப் பண்ணியிருக்கலாம்ங்க.” கோபமா எல்லாம் சொல்லல. சும்மா சொன்னாங்க. எனக்குப் பதில் இல்ல.

அந்தக் காலத்துல தீட்டுன்னு சொல்லி நாப்பது நாள் அடுப்படிப் பக்கமே விடமாட்டாங்க. தீட்டுங்கிறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா அந்தப் பேரச் சொல்லியாவது பெத்தவளுக்கு ஓய்வு கிடைச்சுச்சு. விரிஞ்ச கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும்னு டாக்டருங்க சொல்றதும் ஏறக்குறைய அதே நாப்பது நாள்தான். அப்ப வீட்ல அம்மாயி, அப்பாயி, அத்தைன்னு நாலஞ்சு கை இருந்துச்சு. பூண்டு உரிக்க ஒருத்தர், பத்தியம் சமைக்க ஒருத்தர், பிள்ளையக் குளிப்பாட்ட ஒருத்தர். இன்னைக்கு அந்தக் கைகள் இல்ல. தானா நடந்தத இப்ப நாமதான் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும். கூலிக்குப் போற பொம்பளைக்கு அப்பவும் நாப்பது நாள் கிடைக்கல, இப்பவும் கிடைக்கல. 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு 2017ல சட்டத்தத் திருத்தினாங்க. அது நடவுக்கும் களையெடுக்கவும் போறவங்களத் தொடவே இல்ல.

1886ல எங்க புதுக்கோட்டையில பொறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்லதான் அரசாங்கம் மகப்பேறு நிதியுதவி தருது. பணமா 14,000 ரூபா. அது போக நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் வச்ச பெட்டகம் ரெண்டு. மொத்தம் 18,000 ரூபா மதிப்பு. வேலைக்குப் போக முடியாத நாளுக்கும், தாய் சத்தா சாப்பிடவும்தான் அந்தப் பணம். எங்க பக்கம் பல வீட்ல அது உரக்கடை பாக்கிக்குப் போயிருது. பெட்டகத்து நெய்ய வீடே சாப்பிடுது. என் மககிட்ட சொல்லிட்டேன், “பாஸ்புக் உன் கையிலயே இருக்கட்டும் தாயி. அப்பன் கேட்டாலும் கொடுக்காத.”

வளைகாப்பு முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே மருமகனையும் உக்கார வச்சு நோட்டுல எழுதினோம். மொத ஆறு வாரம் சமையல் யாரு, பிள்ளைத் துணி துவைக்கிறது யாரு, ராத்திரி பாதி நேரம் பிள்ளையத் தூக்கி வச்சுக்கிறது யாரு. ஆபரேஷன் ஆயிட்டா தண்ணிக் குடம், கனமான சாமான் எதையும் அவ தூக்கக் கூடாது. வயிறு பெருத்துரும்னு தண்ணி குடிக்க விடமாட்டாங்க இங்க. அந்தப் பேச்சே கூடாது, பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணி நிறைய வேணும். இரும்புச்சத்து மாத்திரையப் பிரசவத்தோட நிறுத்தாம இன்னும் ஆறு மாசம் போடணும்னு நர்சம்மா சொன்னதையும் எழுதினோம்.

கடைசிப் பக்கத்துல, எப்ப யோசிக்காம 108க்குப் போன் போடணும்னு எழுதியிருக்கு. ஒரு மணி நேரத்துல துணி நனையிற அளவு ரத்தம், காய்ச்சல், விடாத தலைவலியோட கண்ணு மங்குறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சு வாங்குறது. ரெண்டு வாரத்துக்கு மேல அழுகையும் தூக்கமின்மையுமா இருந்தா அதையும் நோயாத்தான் பாக்கணும், பேய்க் கோளாறுன்னு மந்திரிக்கப் போகக் கூடாது. அதுக்கு 14416ல கூப்பிட்டுப் பேசலாம்.

“பொறக்கிறதுக்கு முன்னாடியே இதெல்லாம் எதுக்குப்பா, கண்ணு பட்டுரும்”னு அத்தை சொன்னாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் வாங்கலத்தே, பெக்கிறவளுக்குத்தான் எழுதுறோம்னேன். அதுக்கு மேல அவங்க பேசல.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது இன்னும் அவசியம். ஃபிளாட்ல ரெண்டே பேரு. ஊர்லேருந்து அம்மா வந்து ஒரு மாசம் இருப்பாங்க, அவங்களுக்கும் மூட்டு வலி. எந்தத் தொட்டில் வாங்கலாம்னு செல்போன்ல தேடுற நேரத்துல ஒரு மணி நேரத்த இதுக்கு ஒதுக்குங்க. பேச வேண்டியது அந்தப் பொண்ணு இல்ல. அதுவா வாயத் திறந்து உதவி கேக்காது. புருஷனும் அப்பனும்தான் மொதல்ல பேசணும்.

மகளுக்குத் தேதி தை கடைசியில கொடுத்திருக்காங்க. திரும்பவும் அறுப்பு நேரம்தான். இந்தத் தடவை அறுப்பு மிஷினுக்கு இப்பவே முன்பணம் கொடுத்துட்டேன். வீட்டுக்காரம்மா வயலுக்கு வரமாட்டாங்க. அவங்க மககூட இருக்கிறப்ப சமையல் என் பொறுப்பு. பூண்டு ரசம் வச்சுப் பழகுறேன். உப்பு இன்னும் கைக்கு வரல. ரெண்டு மாசம் இருக்கு.