ஓட்ஸ் பாலும் ஒரு கஞ்சிதான்!

கார்த்திகை தீபம் முடிந்து மார்கழிக் குளிர் தொடங்கினால், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் முகமே மாறிவிடும். செங்கம் சாலையில் எங்கு பார்த்தாலும் வெளிநாட்டு விருந்தினர்கள். சிறிய காபிக் கடைகளிலும் அறை வாடகைக்கு விடும் வீடுகளிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "ஓட்ஸ் மில்க் இருக்கா?"

கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த லட்சுமி என்ற பசுவுக்கு, 1948-ல் அது இறந்தபின் ஆசிரம வளாகத்திலேயே சமாதி எழுப்பிய இடம் இது. இன்றும் அங்கே கோசாலை இருக்கிறது. மாவட்டம் முழுக்கக் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஊரில் 'மாடு இல்லாத பால்' என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

ஆனால், கேட்பவருக்கும் காரணம் இருக்கிறது. சிலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. சிலருக்குப் பால் புரதமே ஒவ்வாமை. வேறு சிலர், கறவை மாடுகள் படும் பாட்டை நினைத்துப் பாலை விட்டவர்கள். இவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமல்ல; சென்னையிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வரும் மகளாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'பால் வேண்டாம்' என்று இவர்கள் சொன்னால், பெரும்பாலும் தயிர், மோர், பன்னீர், நெய் எல்லாமே வேண்டாம் என்றுதான் பொருள். பாலை ஒதுக்கிவிட்டு, கை பழக்கத்தில் வெண்பொங்கலில் ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும்.

சரி, இந்த ஓட்ஸ் பால் என்பது என்ன? ஓட்ஸைத் தண்ணீருடன் அரைத்து வடிகட்டினால் கிடைப்பது. அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அடுப்பேறாத கஞ்சி. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், ஓட்ஸ் பால் செய்யும் சேட்டைகள் எல்லாம் புரிந்துவிடும்.

முதல் சேட்டை, கொழகொழப்பு. வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைப் பசும்பால் போலப் பொங்கக் காய்ச்சினால், சில நிமிடங்களில் கூழாகிவிடும். அதில் இருப்பது மாவுச்சத்து. சூடு பட்டால் கெட்டியாவதுதான் அதன் குணம். அரைக்கும்போதே மிக்ஸி சூடானாலும் இதே கதைதான். எனவே, ஒரு கப் ஓட்ஸுக்கு நான்கு கப் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் வழவழப்பு மொத்தமும் பாலுக்குள் இறங்கிவிடும். ஒரு சிட்டிகை உப்பும், ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத எண்ணெயும் சேர்த்து இன்னொரு சுற்று ஓட்டினால் ருசி கூடும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அடியில் படியும் என்பதால் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை இதற்குத் தொடவே வேண்டாம்.

பாக்கெட்டில் வரும் ஓட்ஸ் பால் மட்டும் ஏன் கொழகொழப்பதில்லை? அதற்கு ஸ்வீடன் வரை போக வேண்டும். லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிக்கார்ட் ஒஸ்தே என்ற விஞ்ஞானி, லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு மாற்றுத் தேடியபோது, ஓட்ஸின் மாவுச்சத்தை நொதிகளால் உடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1990களில் அதிலிருந்து பிறந்ததுதான் ஓட்லி நிறுவனம். மாவுச்சத்து உடையும்போது மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாறும். அதனால்தான் 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய பாக்கெட்டும் லேசாக இனிக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இதைப் படிக்கும் பாட்டிமார்கள், "இதென்ன பெரிய கண்டுபிடிப்பு!" என்று கேட்டால் தப்பில்லை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் நடப்பதும் இதே வேலைதான். முளைக்கும் தானியத்தில் இந்த நொதி தானாகவே சுரக்கிறது. கெட்டியான ஓட்ஸ் கஞ்சியைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான பதத்துக்கு ஆறவிட்டு, வறுக்காத முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்து கிளறிப் பாருங்கள். சிறிது நேரத்தில் கஞ்சி நெகிழ்ந்து இளகும். பிறகு ஒரு கொதி விட்டு வடிகட்டினால், மறுபடி சூடாக்கினாலும் முன்போல் இறுகாது. நிறம் மட்டும் வெள்ளையாக இருக்காது. கேக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

இனி சமையல். காபிக்கு, ஓட்ஸ் பாலைக் கொதிக்க விடாமல் ஆவி பறக்கும் சூட்டில் இறக்கி, அதில் டிகாக்‌ஷனை மெதுவாக ஊற்றவும். டீ என்றால் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இறக்கும் நேரத்தில் சேர்க்கவும். சேமியா பாயசத்துக்கும் அதே முறை: சேமியாவைத் தண்ணீரில் வேகவைத்து, கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஓட்ஸ் பால். வெல்லம் போட்டால் திரிந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. திரிவதற்குத் தேவையான கேசின் புரதம் இதில் கிடையாது. அதே காரணத்தால் இதில் பன்னீர் எடுக்க முடியாது. உறை ஊற்றினால் தயிர் போல உறையாது. திரட்டுப்பால் கிண்ட உட்கார்ந்தால் கடைசியில் கையில் மிஞ்சுவது பசைதான். குருமாவுக்கும் சொதிக்கும் தேங்காய்ப்பால் இருக்க, ஓட்ஸ் பாலைத் தேடுவது வீண் செலவு.

ஓட்ஸ் பால் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் பேக்கிங். கேக்கில் பாலின் முக்கிய வேலை ஈரம் கொடுப்பது. அதை இது அழகாகச் செய்யும். முட்டை, பால், தயிர் மூன்றும் இல்லாத கேக் ஒன்று: ஒரு கப் ஓட்ஸ் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மோர் போலக் கெட்டியாகவில்லையே என்று கவலை வேண்டாம். சோடாவைப் பொங்கவைக்கப் புளிப்பு இருந்தால் போதும். அதில் முக்கால் கப் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெய், சிறிது வெனிலா எசென்ஸ் சேர்த்துக் கரைக்கவும். ஒன்றரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்து, மேலாகக் கலந்து, உடனே அவனில் வைக்கவும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். பசும்பால் கேக் போல மேற்புறம் சிவக்காது. நிறத்துக்குக் காத்திருந்தால் கேக் காய்ந்துவிடும். குச்சியைக் குத்திப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

விருந்தாளிக்கு ஒரு வாரம் செய்துகொடுப்பது வேறு. வீடே மாறுவது வேறு. இங்கேதான் நிதானம் தேவை. ஒரு டம்ளர் பசும்பாலில் ஆறு கிராமுக்கு மேல் புரதம், 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். வீட்டில் அரைக்கும் ஓட்ஸ் பாலில் புரதம் சொற்பம். கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. பாக்கெட்டில் கால்சியம் சேர்த்திருந்தால் லேபிளில் போட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். முட்டையும் மீனும் சேராத சைவக் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல், வைட்டமின் பி12. அவர்களுக்கு அது உணவிலிருந்து கிடைப்பதே பெரும்பாலும் பாலிலும் தயிரிலும்தான். இரண்டையும் விட்டால், மாற்று ஏற்பாட்டை மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். கால்சியத்துக்கு எள்ளும் கேழ்வரகும் கைகொடுக்கும். பி12-க்கு அவை உதவாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகவோ, டாக்டர் சொன்ன பால் பவுடருக்குப் பதிலாகவோ இதைக் கொடுக்கவே கூடாது.

கடையில் 'ஓட்ஸ் பால்' என்று தேடினால் அட்டைப்பெட்டியில் அந்தப் பெயர் இருக்காது. 'ஓட் பானம்' என்றுதான் இருக்கும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, கறந்த பாலுக்கு மட்டுமே 'பால்' என்ற பெயர். காலங்காலமாகப் புழங்கும் தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. விலையோ ஆவின் பாலைப் போலப் பல மடங்கு. வீட்டில் அரைத்தால் செலவு மிகவும் குறைவு. வடிகட்டிய சக்கையும் வீணாகாது. அடை மாவிலோ தோசை மாவிலோ கலந்துவிடலாம். ஓரம் மொறுமொறுவென்று வரும்.