விதி என்னும் சொல்லின் இரு பொருள்கள்

தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று ஊழ், மற்றொன்று ஒழுங்கு. குடித்துவிட்டு வண்டியோட்டிய ஒருவனால் ஓர் உயிர் போகும்போது நாம் முதற்பொருளையே பற்றிக்கொள்கிறோம். இழவு வீட்டுத் திண்ணையில் ‘விதி அவ்வளவுதான்’ என்கிறோம். இரண்டாம் பொருளைப் பேச அங்கே எவரும் துணிவதில்லை. மறுநாள் நாளிதழும் ‘விபத்து’ என்றெழுதி முடித்துவிடுகிறது.

எதிர்பாராமல் நேர்வதே விபத்து. மது அருந்தியவன் வண்டிச் சாவியை எடுக்கும் கணத்தில் எதிர்பாராதது எது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. போதையால் பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதமானாலும் வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் பாய்ந்துவிடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்த 8 மீட்டர்தான் உயிர். மோர் குடித்தால் தெளியும், முகம் கழுவினால் தெளியும் என்பன வெறும் நம்பிக்கைகளே. குருதியில் கலந்த மதுவைக் கல்லீரல் தன் போக்கில்தான் அகற்றும்.

சட்டம் இல்லாமலில்லை. 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் வண்டியோட்டுவது குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. முதற்குற்றத்துக்கான அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. எனினும் 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். இவற்றுள் மதுவால் நேர்ந்தவை எனப் பதிவானவை சிறு பங்கே; பெரும்பங்கு ‘அதிவேகம்’ என்னும் கட்டத்தில் அடங்கிவிடுகிறது. அவ்வேகத்தின் பின்னே எத்தனை குவளைகள் இருந்தன என்பதை அக்கட்டம் சொல்வதில்லை.

தமிழகத்தில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் உள்ளது. விற்பவரும் அரசு, ஊதச்சொல்லிச் சோதிப்பவரும் அரசு. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சில மாநிலங்கள் நெடுஞ்சாலைகளையே உள்ளூர்ச் சாலைகளாகப் பெயர் மாற்றின. சாலையின் பெயரை மாற்றலாம். போதையின் இயல்பை மாற்ற இயலுமா?

கள்ளுண்ணாமை அதிகாரம் திருக்குறளில் எப்பாலில் உள்ளது என்று வகுப்பில் வினவினால், அறத்துப்பால் என்றே பலரும் விடையளிப்பர். அன்று, 93ஆம் அதிகாரமாகிய அது பொருட்பாலில் இருக்கிறது. புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொதுவாழ்வின் பொருளாகக் கண்டார் எனக் கொள்ள இடமுண்டு. குடிப்பது அவரவர் விருப்பம் என்போரோடு நாம் இங்கு வழக்காடவில்லை. சாலை அவரவருடையது அன்று என்பதே நம் வழக்கு.

அரசு செய்யவேண்டியவை பல. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விருந்தளிப்பவர், குடித்த விருந்தினருக்கு அன்றிரவு ஒரு பாய் விரித்துக் கொடுப்பதும் விருந்தோம்பலே. சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் நண்பன் ஓரிரவு கோபித்துக்கொள்வான். காலையில் தேநீர் கேட்பான்.