மூட்டுச் சீழும் நம் தாமதமும்

முழங்கால் வலி என்றவுடன் வயதின் மீது பழியைப் போட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு, தானாகத் தணியும் என்று காத்திருப்பது நம்மவர்களின் நெடுநாளைய வழக்கம். தேய்மானத்தால் வரும் வலியில் அந்தப் பொறுமையால் பெரிய நஷ்டம் இல்லையென்றாலும், கிருமி புகுந்து வீங்கிய மூட்டில் அதே பொறுமை அங்கவீனத்திலும், சில சமயம் பிராணாபாயத்திலும் கொண்டுபோய் விடுகிறது.

மூட்டின் உட்சவ்வில் ரத்த நாளங்கள் மிகுதி; கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் அடிப்படலமோ அதற்கு இல்லை. ஆகவே, ஆறாத கால்புண்ணிலோ நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ குடியிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி, அங்கே சுலபமாகத் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் குற்றவாளி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இளவயதினரிடம் கொனோரியாக் கிருமியும் உண்டு. காசநோய்க் கிருமியோ மாதக்கணக்கில் ஓசையின்றி அரிக்கும். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளையணுக்கள் கக்கும் நொதிகளே குருத்தெலும்பையும் கரைத்துவிடுவதாலும், ரத்த நாளமற்ற அந்தக் குருத்தெலும்பு அழிந்தால் பழையபடி வளராததாலும், சில தினங்களின் தாமதம் ஆயுள் முழுவதுக்குமான ஊனமாகிறது.

நீரிழிவு உள்ளவர், முடக்குவாத நோயாளி, ஸ்டீராய்டு உட்கொள்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர், முதியவர், பச்சிளங்குழந்தை ஆகியோரை இவ்வியாதி எளிதில் பற்றும். இவர்களிலும் முடக்குவாதக்காரரின் நிலைமை பரிதாபமானது. புதிதாக வந்த சீழையும் பழைய நோயின் உக்கிரம் என்றே வீட்டாரும், சில சமயம் வைத்தியரும் கருதிவிடுகின்றனர். காய்ச்சல் இல்லையே என்ற சமாதானமும் செல்லாது. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காய்ச்சல் தெரிவதில்லை.

சந்தேகத்தைத் தீர்ப்பது மூட்டுக்குள் செலுத்தும் ஓர் ஊசியே. இளமஞ்சளாய்த் தெளிந்து, முட்டையின் வெண்கருவைப் போல் இழுபடவேண்டிய நீர், கலங்கித் தடித்து வருமானால் பாதி விடை அப்போதே கிடைத்துவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் 50,000க்கு மேல் வெள்ளையணுக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கல்ச்சர் பரிசோதனை கிருமியின் பெயரைச் சொல்லும். இயன்றவரை இந்த நீரை எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும். கடையில் வாங்கி விழுங்கும் நாலு மாத்திரைகள் வியாதியைத் தீர்ப்பதில்லை; கிருமியின் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுகின்றன. பின்னர் ரத்த நாளம் வழியாக மருந்து, ஊசியாலோ அறுவையாலோ சீழை வெளியேற்றுதல், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரச் சிகிச்சை, வலி தணிந்ததும் தேகப்பயிற்சி என்பதே முறை. காசநோயாயின் பல மாதங்கள் மருந்து தேவை.

லண்டன் வைத்தியர் தாமஸ் ஸ்மித் 1874இல் விவரித்த 21 குழந்தைகளில் 13 பேர் இந்நோயால் மாண்டனர். பெனிசிலினுக்குப் பிந்தைய இக்காலத்திலும் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறப்பதும், பிழைத்தோரில் பலர் முடங்குவதும், மருந்தின் குறையால் மட்டுமல்ல. காலம் கடந்து வருவதாலும், வந்தபின் ஊசி போட்டு நீரெடுக்கத் தயங்குவதாலும்தான். ஊசிக்குழலும் நுண்ணோக்கியும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இதற்குப் பயன்படவேண்டும். ஒரே மூட்டு திடீரென்று வீங்கி, சூடேறி, அசைக்கவொட்டாமல் வலித்தால், வாசகர்களே, தைலத்தைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.