போய் வந்தவரைக் கேளுங்கள், தலைக்குக் காசு வாங்குபவரை அல்ல



“சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டும்?” மகளோ மகனோ வெளிநாட்டுக்குத் தொண்டூழியராகப் போகிறேன் என்று வந்து நின்றால், ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் நம் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கம்போடியாவில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன், நேப்பாளத்தில் பள்ளி கட்டப் போகிறேன், இலங்கை மலையகத்தில் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறேன் என்கிறார்கள் பிள்ளைகள். படித்தவர்கள் சிலர் இந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “தோட்டத்துப் புத்தி” என்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். ஆறு மாதம் ஒரு பிள்ளை சம்பளம் இல்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு 10,200 ரிங்கிட் நட்டம். சேமநிதியும் சொக்சோவும் அந்த ஆறு மாதத்துக்கு நின்று போகும். பங்களா வீட்டுப் பிள்ளைக்கு இது விடுமுறை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அப்பாவின் பிள்ளைக்கு இது குடும்பக் கணக்கில் விழும் ஓட்டை. ஆகவே தாயின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கூடியவர் யார் என்பதுதான் பிரச்சினை.

போய் வந்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் எந்தப் போய் வந்தவர்?

போய் வந்தவனின் வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்பதை நம்மைப் போல் அனுபவித்தவர்கள் குறைவு. நம் பாட்டன் பூட்டன்களில் பெரும்பாலோர் இந்த மண்ணுக்கு வந்ததே அப்படி ஒருவன் பேச்சைக் கேட்டுத்தான். கங்காணி யார்? மலாயாத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தன் சொந்த ஊருக்கே ஆள் சேர்க்கத் திரும்பிப் போனவன். ஊரான், உறவுக்காரன், நம் பாஷை பேசுபவன், நேரில் பார்த்து வந்தவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தோட்ட நிர்வாகம் அவனுக்கு ஆள் சேர்க்கும் உரிமத்தோடு பணமும் கொடுத்து அனுப்பியது. கொண்டு வரும் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். வந்த ஆள் தினமும் வேலைக்கு இறங்கினால் அதற்கும் தலைக்கு இத்தனை காசு. இந்தப் பின்பாதி ஊரில் பலருக்குத் தெரியாது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதைத் தடுக்கும் வரை இந்த முறை நீடித்தது. கங்காணிகள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. கோயில் கட்டியவர்களும் பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டு நின்றவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் தலைக்குக் காசு வாங்குபவன் காய்ச்சலைப் பற்றியும் கடனைப் பற்றியும் ஊரில் வாய் திறப்பானா?

இன்னொரு பாடமும் நம் சரித்திரத்தில் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்கு முதலில் ஆசை காட்டித்தான் ஆள் எடுத்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம் வேலை, பிறகு வீடு என்றார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்கள் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் போனவர்கள் திரும்பவில்லை. அங்கே நடப்பது மெல்ல மெல்லத் தெரிய வந்ததும் பெயர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதற்குப் பிறகுதான் லாரி கொண்டு வந்து பிடித்துப் போனார்கள். மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக் கணக்கில் அந்தப் பாதையில் மாண்டார்கள். முதலில் பெயர் கொடுத்தவர்களுக்குச் சொல்ல, அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர்கூட அப்போது இல்லை!

இன்றைய கங்காணி வாட்சாப்பில் வருகிறான், ஃபேஸ்புக்கில் வருகிறான். 2022 முதல் எத்தனை மலேசிய இளைஞர்கள் நல்ல வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவின் சிஹானூக்வில்லிலும் மியன்மாரின் மியாவாடியிலும் மோசடிக் கும்பல்களின் கட்டடங்களில் அடைபட்டார்கள் என்பதை நாம் செய்தியில் பார்த்தோம். தொண்டூழியம் என்று அழைப்பவர்கள் எல்லாம் அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழைப்பு வந்து சேரும் வழி ஒன்றாகவே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர், அழகான படங்கள், “சீக்கிரம் பதிவு செய்யுங்கள், இடம் குறைவு.”

ஒரு தம்பதி என்னிடம் கொண்டு வந்த காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் வெளிநாட்டில் சிறுவர் இல்லமொன்றில் இரண்டு மாதம் தொண்டு செய்யப் போகிறாள். நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தம். முதல் பக்கத்தில் சிரிக்கும் குழந்தைகள். மூன்றாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற வரி. நான்காம் பக்கத்தில், நோய், விபத்து, வேறெந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி. “போய் வந்த ஒருவரிடம் பேசினாயா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பேசினாளாம். நிறுவனமே ஓர் அக்காவின் எண்ணைக் கொடுத்ததாம். அந்த அக்கா அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்கு அடுத்த பயணத்தில் கழிவு உண்டு என்பது பிறகு தெரிந்தது. அந்த அக்காவும் கெட்டவர் அல்ல. ஆனால் அது கங்காணி முறைதான்.

சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவருக்கு 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உரிமம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் தொண்டூழியத்தில் சம்பளமும் இல்லை, வேலை ஒப்பந்தமும் இல்லை. அதனால் தொண்டூழியப் பயணம் விற்பவர் “நான் வேலைக்கு ஆள் சேர்க்கவில்லை” என்று கை கழுவி விடலாம். அப்போது நீங்கள் வெறும் பயனீட்டாளர். பணம் பறிபோனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. (எங்களுக்கு அங்கே வேலையே இல்லை!) ஆனால் பணத்தை வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்பி விட்டீர்கள் என்றால் யாரை இழுத்துக் கொண்டு வருவது? கடப்பிதழை “பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்” என்று இங்குள்ள ஏஜெண்ட் வாங்கி வைத்துக் கொண்டால், அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடமே கைக்கு வரும்.

காசு கேட்காத அமைப்புகளும் உலகத்தில் உண்டு. ஐ.நா.வின் தொண்டூழியர் திட்டம் விண்ணப்பிப்பவரிடம் ஒரு காசு வாங்குவதில்லை. தேர்வானவருக்குப் பயணச் செலவும், வாழ்க்கைப்படியும், மருத்துவக் காப்புறுதியும் அதுவே தருகிறது. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ.வும் செலவைத் தானே ஏற்றுத்தான் ஆட்களை அனுப்பி வந்தது. இரண்டு மூன்று வார முகாம் நடத்தும் சில நேர்மையான அமைப்புகள் சிறு தொகை வாங்கும், விமான டிக்கெட்டும் நம் செலவு. ஆகவே காசு கேட்டாலே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். காசு எதற்கு, யாருக்கு என்று கேளுங்கள்.

நம் வயதானவர்களுக்குப் பீஸ் கோர் ஆசிரியர்களை நினைவிருக்கும். 1962 முதல் 1983 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொண்டூழியர்கள் இந்த நாட்டில் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் வெளியுறவு நோக்கம் அதில் கலந்திருந்தது என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, அவர்கள் வீடு திரும்பிய பிறகு செய்ததை. போய் வந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். புதிதாகப் போக விரும்புபவர்களுக்குப் பதில் சொல்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அவர்கள்தான். புகழ்ந்து பேசியதோடு அவர்கள் நின்று விடவில்லை. வியட்நாம் போர்க் காலத்தில், 1970 மே மாதம், போய் வந்தவர்களின் ஒரு குழு வாஷிங்டனில் பீஸ் கோர் தலைமையகத்துக்குள்ளேயே புகுந்து மறியல் செய்தது.

பெண் பிள்ளையை அனுப்பப் பயப்படும் தாய்மார்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். கேட் பூசி என்ற 24 வயது தொண்டூழியர் 2009இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கொல்லப்பட்டார். மாணவிகளிடம் முறைகேடாக நடந்து கொண்ட ஓர் உள்ளூர் ஊழியரைப் பற்றி அவர் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகார் இரகசியமாகக் காக்கப்படவில்லை என்று அவருடைய குடும்பம் போராடியது. அதே காலத்தில், வெளிநாட்டில் பாலியல் வன்முறைக்கு ஆளாகித் திரும்பிய முன்னாள் தொண்டூழியப் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். தங்களைக் காக்காத நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். 2011 நவம்பரில் கேட் பூசியின் பெயரிலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. தொண்டூழியருக்குப் பயிற்சி, புகார் செய்பவரின் இரகசியம், பாதிக்கப்பட்டவருக்குத் துணை ஆகியவை சட்டமாயின. திரும்பி வந்தவர்கள் “எல்லாம் நல்லா இருந்துச்சு” என்று படம் காட்டிக் கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?

நல்ல மனசு மட்டும் போதாது என்பதையும் போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கம்போடியாவில் அநாதை இல்லங்கள் என்று சொல்லப்பட்ட இடங்களில் இருந்த பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெஃப் 2011இல் வெளிக் கொண்டு வந்தது. வெளிநாட்டுத் தொண்டூழியரும் சுற்றுப்பயணியும் கொண்டு வரும் பணத்தால் இல்லங்கள் பெருகின. இல்லங்களை நிரப்ப ஏழை வீட்டுப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஏழைப் பிள்ளைகளைக் காட்டி மற்றவர்கள் நன்கொடை வாங்குவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் தோட்டப் பள்ளிகளின் படத்தைக் காட்டியும் அது நடந்திருக்கிறது. அதே வேலையை இன்னொரு நாட்டு ஏழைக்கு நம் பிள்ளை அறியாமல் செய்து விடக் கூடாது.

அப்படியானால் போக வேண்டாமா? போகட்டும்! நம் பிள்ளைகள் வெளியே போய்ப் பார்க்கட்டும். நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் லயத்தில் ஒரு மாதம் தங்கி வந்த பிள்ளைக்கு, நம் கதை மலாக்காவோடு முடியவில்லை என்பது புரியும். நான் கேட்பதெல்லாம், போகும் முன் உண்மை தெரிய வேண்டும் என்பது.

மலாக்காவில் போய் வந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்துக்குப் போன இளைஞர்கள், பல்கலைக்கழகத்தின் மூலம் அண்டை நாடுகளுக்குப் போன மாணவர்கள், வெளியூரில் தொண்டு செய்து வந்த தாதியர், ஆசிரியர் என்று பூலாவ் செபாங்கிலிருந்து சுங்கை ரம்பை வரை தேடினால் கிடைப்பார்கள். அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார வேண்டும். தமிழில் பேச வேண்டும், பெற்றோரும் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரிடமும் கமிஷன், கழிவு, இலவச டிக்கெட் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லி விட வேண்டும். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போன மாநிலம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது நமக்குப் பெரிய காரியமா?

அங்கே என்ன கேட்பது? சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காய்ச்சல் வந்தபோது யார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள், இரவில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததா, கடப்பிதழ் யார் கையில் இருந்தது, புகார் சொன்னபோது எத்தனை நாளில் பதில் வந்தது, நீ நடத்திய வகுப்பை நீ வந்த பிறகு யார் நடத்துகிறார், திரும்பி வந்து வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று? பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான். போகும் பிள்ளையின் பெயரை வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலார் முறையில் பதிய வைப்பதை அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து விடலாம். போன பிறகு வாரம் ஒரு முறை அந்தப் பிள்ளையோடு பேசும் பொறுப்பைப் போய் வந்தவர் ஒருவர் ஏற்றுக் கொள்ளட்டும். அம்மாவிடம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளை அவரிடம் சொல்லும்.

திரும்பி வரும் பிள்ளையையும் மறந்து விடாதீர்கள். வேலை இல்லை, சேமிப்பு இல்லை, பார்த்து வந்ததைக் கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. இரண்டு மாதத்தில் தொழிற்சாலை ஷிஃப்டில் சேர்ந்து அந்தப் பிள்ளை வாயை மூடிக் கொள்ளும். அந்த மௌனத்தால் அடுத்த பிள்ளைக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போகிறது.

நீல அடையாள அட்டை இல்லாத குடும்பங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. மலேசியக் கடப்பிதழ் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. குடியுரிமை விண்ணப்பத்தை முதலில் பார்க்க வேண்டும். அதற்குள் எந்த ஏஜெண்டிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.

கையில் ஒப்பந்தமோ படிவமோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் கொண்டு வாருங்கள். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை தமிழில் வாசித்துச் சொல்கிறோம். காசு வேண்டாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். போய் வந்தவர் ஒருவரை நாங்களும் உட்கார வைத்திருப்போம்.