‘நடுத்தரம்’ என்று எழுதப்படும் பேராபத்து

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு,
புது தில்லி.



சேவையகங்களையும் தரவுத்தளங்களையும் உலாவி வழியாகவே நிர்வகிக்க உதவும் மென்பொருள்களில் காணப்படும் கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்னும் பாதுகாப்புக் குறைபாட்டை ‘நடுத்தரம்’ என்ற தரத்தில் வைத்துவிட்டு நகரும் வழக்கம் நெடுநாளாகத் தொடர்கிறது. அந்த வழக்கம் தவறானது என்பதை எடுத்துரைப்பதும், அதைத் திருத்தும் நிலையில் உள்ள தங்கள் அமைப்பின் கவனத்தைக் கோருவதும் இம்மடலின் நோக்கம்.

ஓர் இணையப் பக்கத்தில் படிப்பதற்கான எழுத்தோடு, உலாவி நிறைவேற்ற வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் ஆணைகளும் கலந்தே எழுதப்படுகின்றன. எது எழுத்து, எது ஆணை என்பதைக் கோண அடைப்புக்குறி போன்ற சில குறிகளைக் கொண்டே உலாவி பிரித்தறிகிறது. வெளியார் ஒருவர் படிவத்தில் தட்டச்சு செய்ததை, அக்குறிகளை வெறும் எழுத்தாக மாற்றாமல், அப்படியே பக்கத்தில் ஒட்டி அனுப்பும் மென்பொருள், அந்த வெளியாரின் ஆணையைத் தன் சொந்த ஆணையாக ஏற்று, பக்கத்தைத் திறக்கும் வேறொருவரின் உலாவியில் ஓடவிடுகிறது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தரவைத் தொடக்கூடாது என்ற விதி உலாவிகளில் இருந்தாலும், இங்கே தீய நிரல் நம்பகமான தளத்திலிருந்தே வந்து சேர்வதால் அந்தக் காவல் பயனற்றுப் போகிறது. இதைப் பற்றி அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 2000 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. மைட்டர் நிறுவனம் 2024இல் வெளியிட்ட, மிக ஆபத்தான 25 மென்பொருள் பலவீனங்களின் பட்டியலிலும் இதுவே முதலிடத்தில் இருந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் தீராத இந்நோய்க்கு மருந்து தெரியாமல் இல்லை என்பதே வருத்தத்திற்குரியது.

இக்குறைபாடு ஒரு செய்தித் தளத்தில் இருப்பதற்கும் நிர்வாக மென்பொருளில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் அதிகாரத்தில் இருக்கிறது. வாசகரின் உலாவியில் ஓடும் தீய நிரல் அந்த வாசகருக்கு உரியதை மட்டுமே தொட முடியும். நிர்வாகியின் உலாவியில் ஓடும் நிரலோ, அவர் உள்நுழைந்து பெற்ற அமர்வைப் பயன்படுத்தி, புதிய நிர்வாகக் கணக்கைத் தொடங்கவும், கடவுச்சொற்களை மாற்றவும், கோப்புகளைப் பதிவேற்றவும் வல்லது. அமர்வை அடையாளம் காட்டும் குக்கியை நிரல்களின் கண்ணுக்குப் படாமல் மறைக்கும் ஏற்பாடு 2002 முதல் உலாவிகளில் இருந்து வந்தாலும், குக்கியைத் திருடாமலேயே நிர்வாகியின் பெயரால் அத்தனையையும் அதே பக்கத்திலிருந்து செய்துவிட முடியும் என்பதால் அது முழுக்காப்பு ஆகாது. கோரிக்கை உண்மையாகவே நிர்வாகியிடமிருந்து வருகிறதா என்று சோதிக்கப் படிவங்களில் வைக்கப்படும் மறைகுறியும் அவ்வாறே. அதே தளத்தின் நிரலாக ஓடுவது அதைப் படித்தெடுத்துத் தன் கோரிக்கையோடு சேர்த்தே அனுப்பிவிடும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, திறமூல மென்பொருள் உலகின் தூண்களில் ஒன்றான அப்பாச்சி அறக்கட்டளைக்கு 2010 ஏப்ரலில் நேர்ந்தது சான்று. பணிகளையும் பிழை அறிக்கைகளையும் பதிவு செய்ய அவ்வமைப்பு பயன்படுத்திய ஜிரா என்ற மென்பொருளில், ஏப்ரல் 5 அன்று, சில திட்டங்களைப் பார்க்கும்போது பிழை வருவதாக ஒரு புகார் பதிவாயிற்று. அதிலிருந்த சுருக்கப்பட்ட இணைப்பு, அதே ஜிராவில் தீய நிரலை ஓடவைக்கும் முகவரிக்குத் திரும்பியது. புகாரைக் கவனிப்பது தம் கடமை என்பதால் நிர்வாகிகள் பலர் அதைச் சொடுக்கினர். அவர்களுடைய அமர்வுகள் பறிபோயின. அதே வேளையில், கடவுச்சொல்லை ஊகித்து லட்சக்கணக்கான முயற்சிகளும் நடந்தன; இவ்விரு வழிகளில் ஒன்று ஏப்ரல் 6 அன்று பலித்தது. நிர்வாக உரிமை பெற்ற ஊடுருவிகள், இணைப்புக் கோப்புகள் சேரும் இடத்தை மாற்றி, சேவையகத்திலேயே இயங்கும் கோப்புகளை அங்கு ஏற்றினர். ஏப்ரல் 9 காலைக்குள், உள்நுழைவோரின் கடவுச்சொற்களைச் சேகரிக்கும் நிரலையும் நிறுவிவிட்டு, கடவுச்சொல் மாற்ற அஞ்சல்களை ஜிராவிலிருந்தே அனுப்பினர். ஏதோ சிறு கோளாறு என்று எண்ணிய பணியாளர்கள் உள்நுழைந்து தம் பழைய கடவுச்சொற்களையே மீண்டும் இட்டனர். அவற்றுள் ஒன்று, சேவையகத்தில் முழு அதிகாரம் கொண்ட ஒரு கணக்கிற்கும் பொருந்தியது. அங்கிருந்து இன்னொரு முக்கியச் சேவையகம் வரை அவர்கள் நுழைந்த பிறகே, கடவுச்சொல் மாற்றம் தொடங்கிச் சுமார் 6 மணி நேரம் கழித்து, தாக்குதல் கண்டுபிடிக்கப்பட்டது. இவை அனைத்தையும் அவ்வமைப்பு தன் தவறுகளோடு சேர்த்துப் பொதுவெளியில் எழுதி வைத்ததால்தான் இன்று பிறர் கற்க முடிகிறது.

இத்தகைய குறைபாட்டை மதிப்பெண் முறை எவ்வாறு எடைபோடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலகெங்கும் பின்பற்றப்படும் சிவிஎஸ்எஸ் முறையின் மூன்றாம் பதிப்புக்கு, அதை நிர்வகிக்கும் ஃபர்ஸ்ட் அமைப்பு வெளியிட்ட எடுத்துக்காட்டுத் தொகுப்பில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் மென்பொருளின் 2013ஆம் ஆண்டு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் குறைபாடே ஒரு பாடமாக இடம்பெறுகிறது. அதற்குக் கிடைத்த மதிப்பெண் பத்துக்கு 6.1, அதாவது ‘நடுத்தரம்’. உலாவியில் உள்ள தகவலே படிக்கப்படும், உலாவியில் உள்ளதே மாற்றப்படும் என்று கொண்டு, ரகசியத்திற்கும் நம்பகத்திற்கும் ஏற்படும் கேடு ‘குறைவு’ எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் அந்த உலாவிக்குப் பின்னால் இருப்பது ஒரு முழுத் தரவுத்தளம். எடைக்கல் சரியாக இருந்தும் தட்டில் பாதிப் பொருளே வைக்கப்பட்டது போன்றது இந்தக் கணக்கு. பயன்படுத்தும் நிறுவனம் தன் சூழலுக்கேற்ப மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ள அம்முறையே இடம் தருகிறது என்பது உண்மைதான். எனினும், தனிப் பாதுகாப்புப் பிரிவு இல்லாத ஒரு வட்டாட்சியர் அலுவலகமோ நகராட்சியோ அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

2023இல் சிபேனல் என்ற சேவையக நிர்வாக மென்பொருளில் கண்டறியப்பட்ட குறைபாட்டிற்கும் அதே 6.1தான் கிடைத்தது. பிழைச் செய்திப் பக்கமொன்றில் இருந்த அந்த ஓட்டை, நிர்வாகத்துக்கான தனி ‘போர்ட்’ எண்களில் மட்டுமன்றி, பொதுமக்கள் பார்க்கும் சாதாரண இணையதள முகவரியிலும் எட்டக்கூடியதாக இருந்தது.

அரசுத் துறைகளுக்கு இதில் கூடுதல் கவலைக்கு இடமுண்டு. குடிமகன் குறைதீர் படிவத்தில் எழுதுவது, அவர் கண்ணுக்கு ஒருபோதும் படாத அலுவலரின் நிர்வாகத் திரையில்தான் விரிகிறது. அதில் ஒளித்து வைக்கப்பட்ட நிரல் பல நாள் உறங்கிக் கிடந்து, மனு பரிசீலனைக்கு எடுக்கப்படும் வேளையில் விழித்தெழும். பொதுப் பக்கங்களை மட்டும் சோதித்துச் சான்றளிக்கும் தணிக்கை இதைக் காணாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் இயங்கும் தங்கள் அமைப்பு, 2021 முதல் குறைபாடுகளுக்கு உலகளாவிய அடையாள எண் வழங்கும் உரிமையும் பெற்றுள்ளது. ஆகவே, நிர்வாக மென்பொருளின் கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் பற்றிய ஒவ்வொரு அறிவிப்பிலும், மதிப்பெண் எதுவாயினும், அந்தத் திரைக்குரியவர் என்னென்ன செய்ய வல்லவர் என்பதை வெளிப்படையாக எழுதித் தரத்தை உயர்த்த வேண்டும். தங்கள் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனங்கள், பொதுப் படிவத்தில் இட்டது அலுவலரின் திரையில் எப்படித் தோன்றுகிறது என்பதை உள்நுழைந்து சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். 2022 ஏப்ரல் ஆணையின்படி 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் வந்து சேரும் தாக்குதல் அறிக்கைகளில், பாதிக்கப்பட்டவரின் பெயரை நீக்கிவிட்டு, நடந்த விதத்தை மட்டுமாவது பிற நிர்வாகிகள் படிக்கும்படி வெளியிட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தங்கள் அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கையே போதும், அதை விரைவில் பிறப்பிக்குமாறு இம்மடல் வேண்டுகிறது.